மாவு ஊறும் நேரம்

பிள்ளைகளா, லீவு விட்டு இருபது நாள் ஆகிவிட்டது. போன அமாவாசைக்குக் கடை அடைத்திருந்ததால் அன்றைக்கு மட்டும் நான் மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்போது சின்னவன் கேட்டான்.

"ஏம்ப்பா, கடை சாயந்திரந்தான தொறக்கு? பின்ன மத்தியானம் பூரா அங்கன என்ன செய்யுதிய?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் சொன்னாள். "அப்பாவுக்கு நம்மளவிட வெங்காயந்தாம்ல பிடிக்கும். கைய மோந்து பாரு."

உங்கள் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. முழுசையும் வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடைப் பலகையில் விலை எழுதுவதைத் தவிர இத்தனை வருஷமாக எதையும் எழுதியதில்லை. தப்பு இருந்தால் பெரியவளே, நீ திருத்திக்கொள்.

நம் கடை பரோட்டா மாஸ்டரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் நடக்கப் பழகுமுன்பே கடைக்கு வந்தவர். ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். மானாவாரிக் காடு கொஞ்சம் உண்டு, மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. இப்போது குடும்பத்தோடு இங்கே கோவில்பட்டியிலேயே இருக்கிறார். சின்னவனுக்குப் பொம்மை மாதிரிக் குட்டிப் பரோட்டா போட்டுக் கொடுப்பாரே, அவர்தான். அவர் மாவை வீசினால் துணி மாதிரி விரியும், அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியும். நம் கடைக்குக் கூட்டம் வருவது சால்னாவுக்காக என்று நான் சொல்லிக்கொள்வேன். அந்தக் கைக்காகத்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியும்.

பரோட்டாக் கடையில் வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு மணிக்கு மாஸ்டர் வந்து மாவைப் பிசைவார். மூட்டை மைதாவை ஆள் பலத்தால் பிசைய வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத் துணி போட்டு மூடி வைத்தால் நாலு மணி வரைக்கும் ஊற வேண்டும். ஊறாத மாவு வீசும்போது கிழிந்துவிடும். அந்த நாலு மணி நேரம் மாஸ்டருக்கு ஒரு வேலையும் கிடையாது. பிராந்திக் கடையைப் பன்னிரண்டு மணிக்குத் திறப்பார்கள். எத்தனையோ நல்ல கைகள் இந்த நாலு மணி நேரத்தில்தான் கெட்டுப்போயின. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பேசுவதில்லை.

மாஸ்டர் குடிப்பார் என்று தெரிந்துதான் வைத்திருந்தேன். ராத்திரி வேலை முடிந்து கொஞ்சம் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு முகூர்த்த நாளில், பந்தி பந்தியாக ஆள் வந்து நிற்கும்போது, அவர் கை ஆட ஆரம்பித்தது. உருண்டையை எடுத்து வீசினால் நடுவில் கிழிகிறது. இன்னொன்று எடுத்தார், அதுவும் கிழிந்தது.

"அண்ணாச்சி, கை கேக்க மாட்டேங்கு" என்றார்.

எனக்கு இரண்டு கடை தள்ளி இன்னொரு ஓட்டல் வைத்திருக்கிறவர், என்னைவிட மூத்தவர், பக்கத்தில் நின்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏய், நீ கடை நடத்துதியா பள்ளிக்கூடம் நடத்துதியா? ஒரு டம்ளர் ஊத்திக் குடு, கை தன்னால நிக்கும். எல்லாக் கடையிலயும் இதானப்பா நடக்கு."

ஊற்றிக் கொடுத்தேன். எவர்சில்வர் டம்ளரில், மைதா மூட்டைக்குப் பின்னால் நிற்க வைத்து. கால் மணி நேரத்தில் கை நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் போட்ட பரோட்டாவை மாதிரி நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. பதினோரு மணிக்கு மாவு பிசையுமுன் ஒரு டம்ளர், நாலு மணிக்கு வீசுமுன் ஒரு டம்ளர். நானே வாங்கி வைப்பேன். மூட்டைக்குப் பின்னால் பாட்டில் இருக்கும். அதற்கு நாங்கள் இருவரும் 'கை மருந்து' என்று பெயர் வைத்திருந்தோம். "மருந்து குடிச்சாச்சா மாஸ்டர்?" என்று கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்பேன். யாருக்கும் தெரியாது. நான் அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். வெளியே போய்க் கண்ட இடத்தில் குடித்து விழாமல் அளவாகக் கொடுக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவர் வீட்டுக்காரி அவ்வப்போது கடைக்கு வரும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வாசலிலேயே நின்றுகொண்டு பேசும், உள்ளே வராது.

"அண்ணாச்சி, அவிய கடையில இருக்க நேரந்தான் எனக்கு நிம்மதி. இங்கன இருந்தா குடிக்க மாட்டாவல்லா. இன்னும் ரெண்டு மணிநேரம் கூட வச்சிருந்து அனுப்புங்க."

"நான் பாத்துக்கிடுதேம்மா, நீ போ" என்பேன்.

இப்படி வருஷங்கள் போயின. போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் மாஸ்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து நின்றார். முகம் தொங்கிக் கிடந்தது. நான் டம்ளரை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"காலைல காப்பி டம்ளரத் தூக்கினேன் அண்ணாச்சி. வாய்க்குப் போகுமுன்ன பாதி சட்டையில கொட்டிட்டு. சின்னது எந்திரிச்சு வந்து டம்ளர வாங்கி எனக்கு ஊட்டி விடுது. 'வாயத் தொறங்கப்பா'ங்கு. அதுக்கு ஏழு வயசு." மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார். "எனக்கு ஒரு கயிறு கட்டி விடுங்க."

கயிறு கட்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்காது. குடியை விட நினைக்கிறவர்கள் கோயிலுக்குப் போய், இத்தனை நாளைக்குத் தொட மாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லி மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கிடக்கும்வரை தொட மாட்டார்கள். எத்தனையோ பேர் அப்படி இருந்து பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு விளாத்திகுளம் போகும் வழியில் ஒரு கோயிலுக்குப் போனேன். இரண்டு பக்கமும் கரிசல் நனைந்து வண்டிச் சக்கரத்தில் அப்பியது. பூசாரி அவரைப் பார்த்தார், ஆடுகிற கையைப் பார்த்தார்.

"எத்தன நாளைக்குக் கட்டணும்? மொதல்ல ஒரு மண்டலம் கட்டிப் பாப்பமா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "ஆயுசுக்கும் கட்டுங்க சாமி."

அவர் சார்பில் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. வரும் வழியில் வண்டியை நிறுத்தி, மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்த பாட்டிலை ஓடையில் கவிழ்த்தேன். கவிழ்த்ததைப் பார்த்து அவர் கும்பிட்டார்.

அன்றைக்கு அவர் மாவு பிசையவில்லை. நான் பிசைந்தேன். மறுநாள் புதன்கிழமை வந்தார். சட்டை முழுக்க வேர்வை, மழை நாளில். மாவை மூடி வைத்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, மாவுல எறும்பு."

எடுத்துப் பார்த்தேன். ஒரு எறும்பும் இல்லை.

"இந்தா ஏறுது பாருங்க. துணில ஏறுது."

கை ஆடியது. முழங்கால் ஆடியது. ஒரு வாய் குடித்தால் இதெல்லாம் நின்றுவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை. கயிற்றை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பொறுத்துக்கிடும் மாஸ்டர், மூணு நாளு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

இரண்டு மணி இருக்கும். ஒரு சத்தம் கேட்டது, மாடு கத்துகிற மாதிரி. திரும்பினால் தரையில் கிடக்கிறார். கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. எனக்குத் தெரிந்தது இரும்பு கொடுப்பதுதான். பரோட்டா புரட்டுகிற சட்டுவத்தை எடுத்து அவர் கையில் திணித்தேன். அது தெறித்து அவர் நெற்றியிலேயே பட்டு ரத்தம் வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் இன்னொரு தடவை இழுத்தது.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். ஊசி போட்டு, அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தார். அதற்குள் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மாஸ்டர் வீட்டுக்காரியும் வந்துவிட்டது, கையில் தீக்குச்சி மருந்துத் தூள் அப்படியே இருந்தது.

"எத்தனை வருஷமா குடிக்கிறாரு?" டாக்டர் கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து" என்றது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு? காலையிலயும் குடிப்பாரா?"

"இல்லம்மா. ராத்திரி மட்டுந்தான். பகல்ல அவிய கடையில இருப்பாவ. அண்ணாச்சி பாத்துக்கிடுவாவ."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியே நின்றிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் டாக்டர் நிமிர்ந்து, "சரியா சொல்லணும். எவ்வளவு குடிச்சாருன்னு தெரிஞ்சாத்தான் மருந்து அளவு போட முடியும். கம்மியா போட்டா மறுபடி இழுக்கும்" என்றார்.

"காலைல ஒரு டம்ளர், நாலு மணிக்கு ஒரு டம்ளர்" என்றேன். "கடையிலயே. நாந்தான் குடுப்பேன்."

டாக்டர் திட்டவில்லை. எவ்வளவு பெரிய டம்ளர் என்று கேட்டார். கையால் காட்டினேன். கடைசியாக எப்போது என்று கேட்டார். சொன்னேன். கயிறு கட்டியதையும் சொன்னேன்.

"இத்தனை வருஷம் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. முதல்லயே இங்க கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரை கொடுத்துப் படிப்படியா நிறுத்தியிருக்கலாம். கயிறு கட்டுறதை நான் வேண்டாம்னு சொல்லல. இங்க வந்துட்டுக் கட்டுங்க."

மாஸ்டர் வீட்டுக்காரி என் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை வருஷம் என் கடை வாசலில் நின்று நிம்மதி என்று சொன்னதையெல்லாம் அது மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கும். நானும் ஓட்டிப் பார்த்தேன். அது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று நாள் மாஸ்டருக்கு நினைவு சரியில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே காற்றில் மாவு வீசினார். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பார்க்கப் போனபோது அந்த அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது நியாயம். மாஸ்டர் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு வேற வேல தெரியாது" என்றார். "கடைக்கு வரட்டுமா?"

நான் அவர் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அந்த அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னது. "வரட்டும். மாவு ஊறுத நேரத்துல நீங்க கூட இருக்கணும். வீட்டுக்குப் போகப்பிடாது. இருப்பியளா?"

"இருப்பேம்மா."

"சும்ம சொல்லப்பிடாது."

"இருப்பேன்."

டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். மாத்திரை பாதி, சும்மா இருக்கிற நேரத்தில் ஆள் துணை பாதி. அன்றிலிருந்து பன்னிரண்டு மணி முதல் நாலு மணி வரைக்கும் நானும் அவரும் கடைக்குள் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறோம், நறுக்குகிறோம். இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை. அதை நாலு மணி நேரத்துக்கு இழுக்கிறோம். கண் எரியும். பேச்சு தீர்ந்துபோகும். அவருக்கு இனிப்பு கேட்கும், டாக்டர் கொடுக்கலாம் என்றதால் சட்டைப் பையில் கடலைமிட்டாய் வைத்திருப்பேன். கடம்பூர்ப் பக்கம் யாராவது போனால் போளி வாங்கிவரச் சொல்வேன்.

"என்னண்ணாச்சி, சடங்கான புள்ளைக்கு வாங்குத மாதிரி வாங்கிப் போடுதிய" என்று ஒரு நாள் கேட்டார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் செய்த முதல் கேலி அது.

எல்லா நாளும் அப்படி இருக்காது. சில நாள் எரிச்சல் வரும். இவர் சும்மா உட்கார்ந்திருக்க நான் ஏன் காவல் இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்புறம் மூட்டைக்குப் பின்னால் கண் போகும், வாயை மூடிக்கொள்வேன்.

பெரியவளே, மாசி மாதம் உனக்குக் காய்ச்சல் வந்ததே, அம்மா போன் பண்ணினாள், நான் ஓடி வந்தேன். "ஒரு மணி நேரத்துல வந்திருதேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பிப் போனபோது கடை திறந்து கிடந்தது. மாஸ்டர் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் கயிறு இல்லை. அவிழ்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தார். கயிறோடு குடிக்கக்கூடாது என்று அந்த நிலையிலும் ஒரு மரியாதை.

"தப்புதான் அண்ணாச்சி" என்றார். வாடை அடித்தது.

இரண்டு கடை தள்ளி இருக்கிறவர் வந்து எட்டிப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேன். இவம் திருந்துத ஆளா? கணக்கத் தீத்து அனுப்பிட்டு வேற மாஸ்டரப் பாரு. ராஜபாளையத்துப் பக்கம் ஆளுக கெடக்கு."

"அந்த ஆளுக்கும் நாந்தான ஊத்திக் குடுக்கணும்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அனுப்பிவிடலாம் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் ரொம்ப ஆசையாகவே தோன்றியது. அவரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "வரும். மறுபடி முதல்லேருந்து" என்று மாத்திரைச் சீட்டை எழுதினார். பிறகு அந்த அம்மா வீட்டுக்குப் போய், உனக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில் நடந்தது என்று சொன்னேன். "காச்சல் புள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டது. ஐப்பசிக்குப் பிறகு அது என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதற்கப்புறம் இன்றுவரை அவர் தொடவில்லை. நாளைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. கை முன்னைப்போல் இல்லை. மாவு கண்ணாடியாக விரிவதில்லை. தடிமனாகத்தான் வருகிறது. சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் சாப்பிடுகிறார்கள்.

நேற்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் சொன்னார். "புள்ளைகளுக்கு லீவுல்லா அண்ணாச்சி. இன்னைக்கு ஒரு நாளு வீட்டுல போய்ச் சாப்புட்டுட்டு வாங்க. நான் இருப்பேன்."

நான் கத்தியை வைத்தேன். "இருப்பீரா மாஸ்டர்? மறைக்காமச் சொல்லும்."

அவரும் கத்தியை வைத்தார். பன்னிரண்டரை மணி வெயில் வாசலில் கொதித்தது.

"தெரியல அண்ணாச்சி" என்றார்.

நான் போகவில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்கு ஒரு வழி காட்டியது. இருப்பேன் என்று அவர் சத்தியம் பண்ணியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்கும். மாஸ்டரையும் மத்தியானம் வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்று ராத்திரி உங்கள் அம்மாவிடம் கேட்டேன், சரி என்றாள். எல்லாம் அவளுக்குத் தெரியும். உங்களிடம் சொல்லத்தான் நான் கூச்சப்பட்டேன், மூட்டைக்குப் பின்னால் இருந்த டம்ளருக்காக. அதனால்தான் அவரை இதுவரை வீட்டுக்குக் கூட்டி வரவும் இல்லை.

நாளையிலிருந்து மாவை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் மத்தியானம் வீட்டுக்கு வருகிறோம். வெங்காயமும் வரும், சாப்பிட்டபின் எல்லோரும் சேர்ந்து உரிக்கலாம். நாலு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பிவிடுவோம்.

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கை ஆடுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பவும் வேண்டாம். தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் கொடுக்காதீர்கள். செம்பில் கொடுங்கள், பாதி மட்டும் ஊற்றி.